வடிவும் வலிமையும்

இரும்பு வலியது, மெழுகு மெலியது என்று கூறுதல் உலக வழக்கு. இவ்வாறு கூறுங்கால், வலிமை என்பது பொருளினுள்ளே குடிகொண்டிருக்கும் ஒரு குணம் என்றும், அதனை அறிய விரும்புவோன் அப்பொருளின் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும் என்றும் நாம் எண்ணிக்கொள்கின்றோம். நெல்லை மரக்காலால் அளப்பதுபோல வலிமையையும் அளந்துவிடலாம் என்பது நம் கருத்து. ஆனால் ஒரே உலோகக் கோலிலிருந்து மூன்று துண்டுகளை நறுக்கி, ஒன்றை நாணயம்போல் தட்டையாகவும், ஒன்றைத் தன் விட்டத்தைப்போல் இருமடங்கு உயரமுள்ளதாகவும், ஒன்றைப் பென்சிலைப்போல் நீண்டதாகவும் அமைத்து, ஒரே யந்திரத்தில் ஒருவனே நசுக்கிப் பார்ப்பானாயின், மூன்றும் மூன்று எண்களைக் கூறும். பொருள் ஒன்று, யந்திரம் ஒன்று, கையும் ஒன்று, எண்கள் மட்டும் மூன்று. இவற்றுள் மெய் எது? இவ்வினாவே இக்கட்டுரைக்குப் பொருள்.

கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியைப் புரட்டும் அன்பர்கள், செய்யுட்களையும் புலவர் சரிதங்களையும் எதிர்நோக்குவது இயல்பே. அவ்விடத்தில் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் நசுக்கும் கதையைக் கொண்டுவந்து வைப்பது பொருத்தமோ என்று சிலர் ஐயுறக்கூடும். பௌதிகம் பயின்றவன் தான் பயின்றதைத் தாய்மொழியிற் சொல்ல இயலாதாயின், அவன் பயிற்சி அரைப் பயிற்சியேயாகும் என்பது என் துணிபு. அன்றியும், இப்பொருளால் ஓர் ஏழைத் தொழிலாளியின் நற்பெயர் போகவும் மீளவும் யான் நேரிற் கண்டேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

யான் பிறந்து வளர்ந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள வாசுதேவநல்லூர். பூலித்தேவர் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு கோட்டை இருந்தது. அது கருங்கற் கோட்டையன்று, மண் கோட்டை. 1759-ஆம் ஆண்டின் இறுதியில் யூசுப்கான் அதனைப் பெருஞ் சேனையோடு வளைத்துத் தாக்கியும் வெல்ல இயலாமற் பின்வாங்கினான் என்பது சரித்திரம். 1767-இல் ஆங்கிலப் படை மீண்டும் வந்து அதனைக் கைப்பற்றியது. வெறும் மண் இவ்வளவு காலம் எதிர்த்து நின்றது எங்ஙனம் என்று இளமையில் யான் வியந்ததுண்டு. வீரரின் தோள்வலியும் மலையின் காவலும் முதற் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. பீரங்கிக் குண்டின் தாக்குதல் ஒரு வகை. மேலிருந்து அழுத்தும் பாரம் மற்றொரு வகை. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஆயினும் மண்மதில் எடுப்போர் எவரும் அதனை ஒல்லியாக உயர்த்துவதில்லை. அடியை அகலமாக்கி உச்சியைக் குறுக்கியே எடுக்கின்றனர். அதே மண்ணைக் கைத்தடிபோல் உருட்டி நிறுத்தினால் அது தன் பாரத்தையே தாங்காது சாயும். எங்கள் ஊருக்கு மேற்கே, 1904-இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–கொல்லம் இருப்புப்பாதையில், கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று வளைவுகளையுடைய கருங்கற் பாலம் ஒன்று உளது. அதன் தூண்களைக் கட்டியவர்களும் அவற்றைப் பருமனாகவே கட்டினார்கள். வலிமையிற் பாதி பொருளிலும் பாதி வடிவிலும் இருக்கிறது என்பதைக் கைத்தொழிலாளர் ஏட்டைத் திறவாமலே அறிந்திருந்தனர். ஏட்டறிவுடையோர் அதனை அளந்து கூறப் பலகாலம் சென்றது.

அமுக்கப் பரீட்சை என்பது சொல்லளவில் மிக எளியது. கீழே ஓர் எஃகுத் தட்டு. மேலே ஓர் எஃகுத் தட்டு. இடையே மாதிரித் துண்டு. மேல்தட்டை மெல்ல மெல்ல இறக்குவர். துண்டு எவ்வளவு பாரத்தைத் தாங்குகின்றது, எவ்வளவு குறுகுகின்றது என்பவற்றை யந்திரம் குறித்துக்கொண்டே வரும். தாங்கிய பாரத்தைத் துண்டின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வலிமை கிடைக்கும். இவ்வகுத்தலில் ஒரு நம்பிக்கை மறைந்து கிடக்கிறது. துண்டின் ஒவ்வோர் அணுவும் பாரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறது என்பதே அந்நம்பிக்கை. ஊர்ப் பொதுவேலையில் எல்லா வீட்டாரும் சமமாக உழைக்கிறார்கள் என்று கணக்கெழுதுவது போன்றது இது. உண்மை அவ்வாறன்று. இரண்டு பகைவர் அந்நம்பிக்கையைக் குலைக்கின்றனர். ஒருவன் பெயர் உராய்வு; மற்றவன் பெயர் வளைவு. குட்டைத் துண்டிடம் முன்னவன் வருவான். நெட்டைத் துண்டிடம் பின்னவன் வருவான்.

முதலில் உராய்வைக் காண்போம். ஒரு பொருளை மேலிருந்து அழுத்தினால் அது பக்கங்களிற் பருக்க விரும்பும். அதிரசத்திற்கு மாவைத் தட்டும் எவரும் இதனை அறிவர். நடுப்பகுதி தடையின்றிப் பருக்கும். தட்டுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல்முகமும் கீழ்முகமுமோ, உராய்வினாற் பிடியுண்டு விரிய முடியாமல் நிற்கும். ஆகவே நேரான உருளை, வயிறு பருத்த பீப்பாய்போல் ஆகிவிடும். இரு முகங்களையும் ஒட்டிக் கூம்பு வடிவான இரண்டு பகுதிகள் ஏறக்குறைய அசையாமல் உறங்குகின்றன. அவற்றிற்கு இடையிலுள்ள பகுதியே உழைக்கின்றது. உயரமான துண்டில் இவ்விரு கூம்புகளும் ஒன்றையொன்று எட்டாமல் தூரத்தே நிற்கும். நடுப்பகுதி தன் இயல்பைக் காட்ட இடமுண்டு. துண்டைக் குட்டையாக்கிக்கொண்டே சென்றால் இரு கூம்புகளும் நெருங்கி மோதும். பொருள் நகர வழியின்றி இறுகி நிற்கும். யந்திரம் அப்பொழுது பெரியதோர் எண்ணைக் காட்டும். அவ்வெண் பொருளின் வலிமை மாத்திரமன்று. தட்டின் பிடியும் அதனோடு கலந்தது.

இதற்கு ஓர் எளிய கணக்குண்டு. உராய்வின் அளவை விட்டத்தாற் பெருக்கி, உயரத்தின் மும்மடங்கால் வகுத்து, வந்ததை ஒன்றோடு கூட்டுக. மெய்யான வலிமை எத்தனை மடங்காகப் பெருகித் தோன்றும் என்பதை அது ஏறக்குறையக் கூறிவிடும். உராய்வளவு 0.15 எனக் கொள்வோம். உயரம் விட்டத்தின் இருமடங்காயின், எண் 2.5 சதவீதமே மிகும், அதனைப் பொறுக்கலாம். உயரமும் விட்டமும் சமமாயின் 5 சதவீதம் மிகும். உயரம் விட்டத்திற் பத்தில் ஒரு பங்காகித் துண்டு வட்டுப்போல் ஆகுமாயின், 50 சதவீதம் மிகும்! நூறு எடை தாங்கும் பொருள் நூற்றைம்பது எடை தாங்குவதாகச் சான்று பெறும். பொய் சொன்னவர் எவரும் இலர், யந்திரமும் பழுதன்று, வடிவம் ஒன்றே இதனைச் செய்தது.

செம்பு, அலுமினியம், மெல்லெஃகு முதலிய இணங்கும் உலோகங்களில் இன்னுமொரு விநோதம் உண்டு. அவற்றை இழுத்தால் ஓரிடத்தில் இளைத்து அறும். இன்ன பாரத்தில் அற்றது என்று நாம் எழுதிக்கொள்ளலாம். அமுக்கினாலோ அவை அறுவதில்லை, தட்டையாகிக்கொண்டே போகும். தட்டையாக ஆக, பரப்பும் பெருகும், உராய்வின் பிடியும் பெருகும். தாங்கும் பாரம் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படியாயின் செம்பின் அமுக்க வலிமை யாது என்று வினவினால், அதற்கு ஒரு முடிவான எண் இல்லை. பாரத்தை எடுத்த பின்பும் நிரந்தரமாக 0.2 சதவீதம் குறுகி நிற்கும் நிலை எந்த அமுக்கத்தில் வருகிறதோ, அதனையே எல்லையாக வைத்துக்கொள்வது விஞ்ஞானிகள் வழக்கு. எல்லையை இங்ஙனம் வகுத்துக்கொண்ட பின்னும் மாதிரித் துண்டின் வடிவத்தைக் கூறாமல் தப்ப இயலாது.

உராய்வை வெல்லப் பலரும் பல உபாயங்களைக் கையாண்டனர். முகங்களிற் கிரீசும் கிராபைட்டுப் பொடியும் பூசுவர். டெப்ளான் தாளை இடையில் வைப்பர். முகத்தில் வட்ட வட்டமாகப் பள்ளம் கீறி அதில் எண்ணெய் தேங்கச் செய்வர். 1945-இல் குக், லார்க் என்னும் இருவர் செம்பையும் அதன் கலப்பு உலோகங்களையும் ஆராய்ந்தபொழுது கையாண்ட வழி அழகியது. அவர்கள் விட்டம் ஒன்றேயாக, உயரம் மட்டும் வேறுபடுமாறு பல உருளைகளை எடுத்து ஒவ்வொன்றாக அமுக்கினர். உயரம் ஏற ஏற எண் இறங்குவதைக் கோடாக வரைந்து, அக்கோட்டை நீட்டி, உயரம் எல்லையற்றதாயின் எண் எதுவாக இருக்கும் என்று கண்டனர். எல்லையற்ற உயரமுள்ள துண்டை எந்தக் கடைசற்காரனும் கடைந்து தர முடியாது. ஆயினும், செய்யவியலாத அத்துண்டின் எண்ணே உராய்வின் கறை படியாத எண். கைக்கு எட்டும் பொருள்களைக்கொண்டு கைக்கு எட்டாத உண்மையை நெருங்கும் இம்முறையைப் படித்த நாளில் யான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

அப்படியாயின் துண்டை மிக நீளமாகச் செய்துவிடலாமே என்று ஒருவர் கூறலாம். அங்கேதான் இரண்டாம் பகைவன் காத்திருக்கிறான். ஒரு விளக்குமாற்றுக் குச்சியை மேசைமேல் நிறுத்தி விரலால் அழுத்துக. அது நசுங்குவதில்லை, பக்கவாட்டில் வளைந்து விலகுகிறது. சுவிட்ஜர்லாந்து தேசத்துக் கணித மேதையாகிய ஆய்லர் 1744-இல் இதற்கு விதி வகுத்தார். நெடிய கம்பத்தின் நீளத்தை இருமடங்காக்கினால், அது வளையாமல் தாங்கும் பாரம் பாதியாவதன்று; நான்கில் ஒன்றாகிறது. மும்மடங்காக்கினால் ஒன்பதில் ஒன்றாகிறது. இவ்விதியில் பொருளின் விறைப்பு மட்டுமே வருகிறதேயன்றி நசுங்கும் வலிமை வருவதேயில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எனவே நெடிய துண்டை அமுக்கிப் பெறும் எண் வலிமையைக் கூறும் எண்ணே அன்று; நாம் ஒன்றைக் கேட்க, அது வேறொன்றிற்கு விடை கூறுகிறது. துண்டின் முகங்கள் ஒன்றற்கொன்று சரிநேராக இராமல் மயிரிழை சாய்ந்திருந்தாலும் வளைவு இன்னும் முன்னதாகவே வந்துவிடும்.

வார்ப்பிரும்பின் கதை வேறு. அது இணங்காத உலோகம். இழுப்பைவிட அமுக்கத்தைப் பன்மடங்கு தாங்கும். தாங்க முடியாதபொழுது சாய்வான ஒரு தளத்தில் வழுக்கிச் சட்டென்று பிளக்கும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஆலைகளுக்கும் பாலங்களுக்கும் வார்ப்பிரும்புத் தூண்களே ஆதாரமாயிருந்த காலத்தில், ஆங்கில தேசத்து ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் அத்தூண்களைப் பரீட்சித்துத் தம் முடிவுகளை 1840-இல் வெளியிட்டார். சாய்தளம் துண்டின் ஒரு பக்கத்திற் புறப்பட்டு மறுபக்கத்தில் வெளியேற இடம் வேண்டும். உயரம் விட்டத்தின் ஒன்றரை மடங்கிலும் குறைந்தால், அத்தளம் யந்திரத்தின் தட்டில் முட்டிக்கொள்ளும். பிளக்க வழியின்றித் துண்டு பொய்யான பலத்தைக் காட்டும். இணங்கும் உலோகமும் இணங்கா உலோகமும் வெவ்வேறு வழியில் தளர்ந்தாலும், குட்டை வடிவம் இரண்டையும் உள்ளதற்கு மேலாகவே உயர்த்திக் காட்டுகிறது.

இனி பிளாஸ்டிக்குகள். இவை நம் நாளில் உலோகத்தின் இடத்தைப் பல இடங்களிற் கைப்பற்றிவிட்டன. இவற்றின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஒரு சிறு பங்கே; எனவே மிக எளிதில் வளைந்துவிடும். அன்றியும் இவை காலத்திற்கும் அடிமைகள். விரைவாக அமுக்கினால் வலிமை மிகுந்தும், மெதுவாக அமுக்கினாற் குறைந்தும் காட்டும். இழுத்தால் கண்ணாடிபோல் ஒடியும் பாலிஸ்டைரீன், அமுக்கினால் ஒடியாமல் இணங்கிக் கொடுக்கும். நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இளகும். குற்றாலத்துச் சாரற் காற்று எங்கள் ஊர்வரை வீசும் ஆடி மாதத்திற்கும், வெயில் எரிக்கும் சித்திரை மாதத்திற்கும் அதன் வலிமை ஒன்றன்று. இத்துணை மாறுதல்களுக்கும் நடுவே, வடிவத்தையும் அவரவர் விருப்பப்படி விட்டுவிட்டால் ஓர் எண்ணை மற்றோர் எண்ணோடு ஒப்பிட வழியே இராது.

ஆதலின் அறிஞர் கூடி நியமங்களை வகுத்தனர். அமெரிக்கரின் ஏ.எஸ்.டி.எம். சங்கத்தார் உலோகங்களுக்கு வகுத்த இ 9 என்னும் நியமத்தில் குட்டை, நடுத்தரம், நெட்டை என மூவகை உருளைகள் உண்டு. குட்டையின் உயரம் விட்டத்தில் ஏறக்குறைய 0.8 பங்கு, நடுத்தரத்தின் உயரம் ஏறக்குறைய 3 மடங்கு, நெட்டையின் உயரம் 8 முதல் 10 மடங்கு. நெட்டை வலிமையறிவதற்கன்று, விறைப்பை நுட்பமாக அளப்பதற்கே. பிளாஸ்டிக்கிற்குரிய டி 695 என்னும் நியமம், வலிமையறிய 12.7 மில்லிமீட்டர் விட்டமும் 25.4 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளையையோ, அதே அளவான சதுரக் கட்டையையோ விதிக்கிறது; அமுக்கும் வேகம் நிமிடத்திற்கு 1.3 மில்லிமீட்டர். சர்வதேச நியமமாகிய ஐ.எஸ்.ஓ. 604, விறைப்பை அறிய 50 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டையும் வலிமையை அறிய 10 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டையும் கூறுகிறது. இரண்டின் குறுக்களவும் 10-க்கு 4 மில்லிமீட்டரே. இவ்வெண்களைப் பார்க்குங்கால் ஒரு நீதி புலப்படும். இரு பகைவருக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. உயரம் விட்டத்தின் இருமடங்கை ஒட்டி அது செல்கிறது. கேட்கும் கேள்வி மாறினால் வடிவமும் மாறவேண்டும்.

இது வெறும் ஏட்டுச் செய்தியன்று என்பதை என் தமக்கையின் கணவர் வாயிலாக அறிந்தேன். அத்தான் வாசுதேவநல்லூரில் ஒரு சிறு கடைசற் பட்டறை வைத்திருப்பவர். உழவரின் பம்புசெட்டு உறுப்புக்களைச் செப்பனிடுவது அவர் அன்றாட வேலை. சில ஆண்டுகளுக்குமுன், யந்திரங்களின் பாதங்களுக்கு அடியில் வைக்கும் நைலான் வட்டக் கட்டைகளைப் பெருந்தொகையாகக் கடைந்து தரும் வேலை வெளியூரிலிருந்து அவருக்கு வந்தது. கடன் வாங்கி நைலான் கோல்களை வாங்கினார். இரவு பகலாகக் கடைந்து அனுப்பினார். சில வாரங்களில் சரக்கு திரும்பிவந்தது. கோலை விற்றவர் அச்சிட்டுத் தந்த வலிமைக்கு மிகக் குறைந்த எண்ணே பரீட்சையிற் கிடைத்தது என்றும், மட்டமான சரக்கைக் கலந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்றும் கடிதம் கூறிற்று.

யான் விடுமுறைக்குச் சென்றபொழுது அத்தான் பட்டறை வாசலில் அக்கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். “மாப்பிள்ளை, பணம் போனால் இன்னும் நாலு வருஷம் உழைத்துக் கட்டிவிடுவேன். கலப்படக்காரன் என்ற பேர் வந்துவிட்டால் எந்த ஊரில் போய் உட்கார்ந்து கடைவேன்?” என்றார். அக்கடிதத்தோடு வந்த பரீட்சைத் தாளைப் படித்தேன். அதில் எண் இருந்தது; நாள் இருந்தது; முத்திரை இருந்தது; துண்டின் உயரமும் விட்டமும் இல்லை. பரீட்சித்த துண்டுகளைத் திருப்பியனுப்பும்படி எழுதிக் கேட்டோம். அவை வந்தன. விட்டத்தின் எட்டு மடங்கு நீளமுள்ள கோல்களாக அவை நறுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் வில்லைப்போல் வளைந்திருந்தது. நசுங்கிய துண்டு வயிறு பருத்திருக்கும். இவற்றிற்கு வயிறே இல்லை. வளைந்த அத்துண்டுகளே அத்தானுக்குச் சாட்சிகளாயின.

பின்பு அதே கோலிலிருந்து, நியமம் கூறும் 12.7 மில்லிமீட்டர் விட்டமும் 25.4 மில்லிமீட்டர் உயரமும் உள்ள துண்டுகளை அத்தானே கடைந்தார். இரு முகங்களும் அச்சுக்குச் செங்குத்தாக அமையும்படி அவற்றைச் சீவுவதில் அவர் காட்டிய பொறுமையை யான் எந்தப் பரிசோதனைச் சாலையிலும் கண்டதில்லை. சரக்கு வாங்கியவரின் ஆள் உடனிருக்க, நெட்டைத் துண்டுகளையும் இவற்றையும் ஒரே நாளில் ஒரே யந்திரத்தில் அமுக்கினர். நெட்டை மீண்டும் வளைந்து சிறிய எண்ணைக் காட்டிற்று; மற்றது வயிறு பருத்து, கோலை விற்றவர் கூறிய எண்ணை ஒட்டி நின்றது. வாங்கியவரும் நேர்மையுடையவரே, சரக்கை ஏற்றுக்கொண்டு பணத்தையும் அனுப்பிவிட்டார்.

செய்தி வந்த மாலையில் நிகழ்ந்ததொன்றே என் மனத்தில் ஆழப் பதிந்தது. பட்டறையில் வேலை பழகும் இளைஞன் கூரிய அறிவுடையவன். நாங்கள் பேசியவற்றையெல்லாம் கேட்டிருந்த அவன், “அண்ணாச்சி, நீளமா நறுக்கினா எண் இறங்குதுன்னா, வட்டு வட்டா நறுக்கினா ஏறுமில்லா? அடுத்த தடவை நாமளே வட்டு நறுக்கிப் பரீட்சைக்கு அனுப்பிருவோம்” என்றான். அவன் சொன்னது சாஸ்திரப்படி முற்றும் சரி. அத்தான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “நீளத்துண்டு நமக்குச் செஞ்சது அநியாயம்னா, வட்டுத்துண்டை வச்சு நாம அவருக்குச் செய்யறதும் அநியாயந்தானே, தம்பி?” என்று மட்டும் கூறிவிட்டு எழுந்து விளக்கை ஏற்றினார். நியமங்களின் உட்பொருளை இதனினும் தெளிவாக எந்நூலும் எனக்கு உரைத்ததில்லை. ஒரே அறிவு ஒருவனுடைய மானத்தைக் காக்கவும் பயன்படும். பிறனை ஏய்க்கவும் பயன்படும்.

இங்கே ஒரு தடை எழலாம். அத்தான் செய்த கட்டைகளே தட்டையானவைதாமே. அவற்றை அவ்வடிவிலேயே அமுக்கிப் பார்த்தால் என்ன? பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் பொருளின் பரீட்சை வேறு. உறுப்பின் பரீட்சை வேறு. இக்கட்டை இவ்விடத்தில் எவ்வளவு தாங்கும் என்று அறிய விரும்புவோன் கட்டையையே அமுக்கட்டும். இந்த நைலான் நல்லதா தீயதா என்று அறிய விரும்புவோன் நியமத் துண்டை அமுக்கட்டும். ஒன்றற்குரிய எண்ணை மற்றொன்றற்கு எழுதுவதே குற்றம்.

வடிவத்தின் ஆற்றலை ஒளிக்காமல் வெளிப்படையாகப் பயன்கொள்ளுதல் குற்றமாகாது; அது கலையேயாகும். பாலங்களில் தூணுக்கும் உத்தரத்திற்கும் நடுவே ரப்பர் மெத்தைகளை வைக்கின்றனர். ரப்பரைத் தனியே தடித்த கட்டையாக வைத்தால் அது பிதுங்கிவிடும். அதனால் அதனைப் பல மெல்லிய அடுக்குகளாக்கி, இடையிடையே எஃகுத் தகடுகளை ஒட்டிவிடுவர். பாரம் விழும் பரப்பைப் பிதுங்குவதற்குரிய பக்கப்பரப்பால் வகுத்து வரும் எண்ணை வடிவ எண் என்பர். 1959-இல் ஜெண்ட், லிண்ட்லி என்போர் காட்டியபடி, மென்மையான ரப்பரின் விறைப்பு, வடிவ எண்ணின் வர்க்கத்தை இரட்டித்து ஒன்றைக் கூட்டிய அளவில் ஏறக்குறையப் பெருகுகிறது. 200 மில்லிமீட்டர்ச் சதுரமும் 50 மில்லிமீட்டர்த் தடிப்பும் உள்ள ஒற்றைக் கட்டைக்கு வடிவ எண் 1. விறைப்பு 3 மடங்கு. அதே ரப்பரை 10 மில்லிமீட்டர் அடுக்குகள் ஐந்தாகப் பிரித்தால் வடிவ எண் 5. விறைப்பு 51 மடங்கு. ரப்பரில் ஒரு துளியும் கூடவில்லை. பதினேழு மடங்கு விறைப்புக் கூடிற்று. பரீட்சைச் சாலையிற் பகையாயிருந்த பிடிப்பே பாலத்தடியில் நட்பாகிப் பாரம் சுமக்கிறது.

வீடு கட்டும் எவரும் அறிய வேண்டிய செய்தியும் இதனோடு ஒன்று உண்டு. நம் தேசத்தில் கான்கிரீட்டை 150 மில்லிமீட்டர்க் கனசதுரமாக வார்த்து நசுக்குவது வழக்கம். அமெரிக்கர் விட்டத்தின் இருமடங்கு உயரமுள்ள உருளையாக வார்த்து நசுக்குகின்றனர். ஒரே கலவையாயினும் உருளை காட்டும் எண், கனசதுரம் காட்டும் எண்ணில் ஏறக்குறைய 0.8 பங்கே. கட்டி முடித்த தூணைத் துளைத்து எடுக்கும் துண்டும் உருளையே. அவ்வெண்ணைக் கனசதுரத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டுக் கொத்தனாரை வைவது முறையன்று; அவ்வேறுபாட்டை மறைத்து இளைத்த கலவையை நல்லதென்பதும் முறையன்று.

லண்டன் மாநகரில் டேவிட் கிர்கால்டி என்பார் 1866-இல் பொருள்களைப் பரீட்சிக்கும் சாலை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அவர் எழுப்பிய கட்டடத்தின் வாயிலின்மேல், ‘உண்மைகள், அபிப்பிராயங்கள் அல்ல’ என்னும் கருத்துள்ள வாசகத்தைப் பொறித்து வைத்தார். நம் நாட்டிலும் கல்கத்தாவில் 1912-இல் அரசாங்கப் பரீட்சைச் சாலை நிறுவப்பட்டது. நியமங்களை வகுக்கும் ஸ்தாபனம் 1947-இல் தோன்றியது. பிளாஸ்டிக்குத் தொழிலுக்கென்றே சென்னைக் கிண்டியில் சிப்பெட் என்னும் நிலையம் 1968-இல் அமைந்தது. சாலைகள் உள, யந்திரங்கள் உள. கிர்கால்டியின் வாசகத்தோடு யான் சேர்க்க விரும்புவது ஒன்றே: உண்மை தன் வடிவத்தையும் உடன் கூறும்பொழுதே முழு உண்மையாகிறது. துண்டின் உயரத்தையும் விட்டத்தையும் கூறாத எண், படியின் அளவைக் கூறாமல் பத்துப் படி என்பதை ஒக்கும். கள்ளப்படியையும் கள்ளத்தராசையும் கடிந்துரைக்கும் வேதத்தை நாள்தோறும் வாசிக்கக் கேட்கும் நம் கல்லூரி மாணவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே, நும்மிற் பலர் நாளை பரிசோதனைச் சாலைகளில் அமர்ந்து தாள்களில் எண்களை எழுதுவீர்கள். நீவிர் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால், நீவிர் ஒருபொழுதும் காணாத ஒரு சிற்றூரில், கடன் வாங்கிக் கடைந்த ஒருவன் காத்திருப்பான். அவன் செய்த பொருளை நம்பி அதன்மேல் நிற்கப்போகிற மற்றொருவனும் இருப்பான். இருவருக்கும் நீதி செய்வதற்கு அதிகம் வேண்டுவதில்லை. துண்டை நியமப்படி நறுக்குங்கள். அமுக்கிய பின் அது வளைந்ததா, பருத்ததா, பிளந்ததா என்று கண்ணாற் பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அதன் உயரத்தையும் விட்டத்தையும் எழுதுங்கள். அதற்கு வேண்டுவது ஒரே ஒரு வரி.